உளத்துணை விலங்கும் வைத்தியரின் வாய்மையும்

ஒருவர் படும் துன்பத்துக்கு இன்னொருவர் சான்று பகர்தல் இயலுமா? உடைந்த எலும்புக்கும் ஏறிய காய்ச்சலுக்கும் சான்று பகர்வது எளிது. எக்ஸ்கதிர்ப் படமும் வெப்பமானியும் அதனைச் செய்துவிடும். உள்ளத்தின் துன்பத்தை அவ்வாறு அளந்து காட்டும் கருவி எதுவுமில்லை. ஆயினும் அதற்கும் எழுத்திலே சான்று கேட்கும் காலம் இது. பரீட்சைக்குத் தோற்றாத மாணவர் பின்னர் கொண்டுவரும் வைத்தியச் சான்றிதழைப் பற்றி அறிந்த பல்கலைக்கழகத்தாருக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. எனினும், தன் சிக்கல்கள் அனைத்தோடும் இவ்வினா வெளிப்படும் இடமொன்று ஐக்கிய அமெரிக்காவிலே உண்டு. அங்கு, விலங்கு வளர்ப்பதற்கு அனுமதியில்லாத வாடகை வீடொன்றில் வாழ்பவர், தமது உளநலத்தின் பொருட்டு நாயையோ பூனையையோ வைத்திருக்க விரும்பின், தகைமை பெற்ற உளநல வல்லுநர் ஒருவரின் கடிதத்தை வீட்டுக்காரரிடம் சமர்ப்பித்தல் வழக்கம். அவ்விலங்கை உளத்துணை விலங்கு எனலாம். அக்கடிதத்தை நேர்மையானதாக்குவது யாது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

முதலிற் சட்டத்தின் நிலையை நோக்குதல் வேண்டும். 1968 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணங்காட்டி ஒருவருக்கு வீடு மறுக்கப்படுவதைத் தடைசெய்தது. 1988 இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது இயலாமையும் அவ்வரிசையிற் சேர்க்கப்பட்டது. இயலாமையுடைய ஒருவர் தம் வீட்டிலே பிறருக்குச் சமமாக வாழ்ந்து பயன்பெறுவதற்கு அவசியமாயின், வீட்டுக்காரர் தமது விதிகளை நியாயமான அளவுக்குத் தளர்த்துதல் வேண்டும் என்ற கடப்பாடும் அப்போது விதிக்கப்பட்டது. விலங்கு வளர்த்தலாகாது என்பது அவ்வாறு தளர்த்தப்படத்தக்க விதிகளுள் ஒன்று. இங்கு இயலாமை எனப்படுவது வெறும் மனக்கவலையன்று. வாழ்க்கையின் முக்கிய செயற்பாடுகளுள் ஒன்றையேனும் கணிசமான அளவு மட்டுப்படுத்தும் குறைபாடு. ஆகவே நோயின் பெயர் ஒன்று இருப்பதனால் மட்டும் இயலாமை நிறுவப்படுவதில்லை. கண்பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் இதனின்றும் வேறானது. அது குறித்த செயல்களைச் செய்யப் பயிற்றப்பட்டது. இயலாமையுடையோர் பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடைக்கும் உணவகத்துக்கும் அது தன் எசமானருடன் செல்லலாம். உளத்துணை விலங்குக்கு அந்த உரிமை இல்லை. அது பயிற்சி பெற்றிருக்க வேண்டியதுமில்லை. அதன் பணி, உடனிருத்தல் மட்டுமே.

உடனிருத்தல் என்பதைச் சட்டத்தின் மொழியில் எவ்வாறு கூறுவது? இதுவே தொடக்கத்திலிருந்து வந்த இடர்ப்பாடு. 1981 இல் ஜோர்ஜியா மாநிலத்திலே பொது வீடமைப்பு அதிகாரசபையொன்றின் வீட்டில் வாழ்ந்த உளநோயுடைய பெண்ணொருவரின் வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றின் முன் வந்தது. அவர் தம் நாயை விட்டுப் பிரிய இயலாதவராயிருந்தார். முழுமையான விசாரணை இன்றியே அதிகாரசபைக்குச் சார்பாகக் கீழ்நீதிமன்று தீர்த்தமை தவறு என மேன்முறையீட்டு நீதிமன்று கூறிற்று. அது 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முற்பட்டது. 1973 ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டமே அவ்வழக்குக்கு ஆதாரமாயிற்று. பல்கலைக்கழகத்தாரை நேராகத் தொடுவது பின்னைய வழக்கொன்று. நெப்ராஸ்கா மாநிலத்துக் கேர்ணி நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் மீது 2011 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. தம் சிறு நாயுடன் மாணவர் குடியிருப்பில் வாழ மாணவி ஒருவர் விடுத்த வேண்டுகோள் மறுக்கப்பட்டிருந்தது. மாணவர் குடியிருப்பு இச்சட்டம் கருதும் வதிவிடமன்று என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். அதனை 2013 இல் நீதிமன்று ஏற்கவில்லை. 2015 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி மாணவர் இருவருக்கு 140,000 டொலர் வழங்கப்பட்டது. அவ்வழக்கிற் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று ஈண்டு நோக்கற்பாலது: மாணவரின் உளநிலை பற்றித் தேவைக்கு மேற்பட்ட அந்தரங்க விவரங்களைப் பல்கலைக்கழகம் கேட்டது என்பதாகும். சான்று கேட்பதிலும் ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்தால் கேட்டவரே குற்றவாளியாகின்றார்.

இவ்வாறு பெறப்பட்ட உரிமை, பெற்ற வேகத்திலேயே வாணிபப் பொருளுமாயிற்று. இணையத்திலே சில வினாக்களுக்கு விடையிறுத்துக் கட்டணத்தைச் செலுத்தினாற் சில மணி நேரத்திற் கடிதம் கிடைக்கும் என விளம்பரங்கள் எழுந்தன. விலங்கின் பெயரைப் பதிவேட்டிற் சேர்ப்பதாகக் கூறி அடையாள அட்டையும் மேலங்கியும் விற்றோரும் உளர். அத்தகைய அரச பதிவேடு எதுவும் அங்கில்லை. அட்டைக்குச் சட்ட மதிப்பும் இல்லை. 2018 ஜனவரியில் நியூவாக் விமான நிலையத்துக்கு ஒருவர் தமது உளத்துணையென மயிலொன்றைக் கொண்டுவர, விமான நிறுவனம் அதனை ஏற்ற மறுத்த செய்தி உலகெங்கும் நகைப்புக்குரியதாயிற்று. நகைத்தவர்களுள் எத்தனை பேர் அந்நகைப்பின் விலையை எண்ணியிருப்பர்? 2020 டிசெம்பரிலே போக்குவரத்துத் திணைக்களம் புதிய விதியை வெளியிட்டது. 2021 ஜனவரி 11 முதல், உளத்துணை விலங்கை உதவி விலங்காக ஏற்கும் கடப்பாடு விமான நிறுவனங்களுக்கு இல்லாதொழிந்தது. பொய்க் கடிதத்தோடு வந்தவரும் மெய்க் கடிதத்தோடு வந்தவரும் ஒரே கதவுக்கு வெளியே நின்றனர். வீட்டுவசதித் துறையில் அந்நிலை ஏற்படவில்லை. அத்துறைக்குரிய திணைக்களம் 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிவுறுத்தல், கட்டணஞ் செலுத்தும் எவருக்கும் இணையத்தளங்கள் விற்கும் சான்றிதழ் தன்னளவில் நம்பகமானதன்று எனக் கூறியது. ஆயின் தொலைவிலிருந்து முறையாகச் சேவை வழங்கும் தகைமையுடையோரும் பலர் உளர் என்பதையும் அது மறுக்கவில்லை. அறிவுறுத்தல்கள் வரும், போகும். அவை தொட்ட வினா மட்டும் நிலைத்து நிற்கின்றது.

அவ்வினாவைத் தெளிவாக்குதற்கு நமது அளவையியல் மரபு பெரிதும் உதவும். காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைச் சைவசித்தாந்திகள் கொள்வர். காண்டலின் வகைகளுள் ஒன்றாகத் தன்வேதனைக் காட்சி என்பதை அவர் கூறுவர். தனக்கு நேரும் இன்ப துன்பத்தைத் தானே நேராக உணரும் காட்சி அது. உளத்துயருற்ற ஒருவர் தமது துன்பத்தை அறிவது இவ்வளவையாலேயே. அவரன்றி அதனை நேரிற் கண்டவர் உலகில் எவருமிலர். வைத்தியர் அறிவது கருதலால்: உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, நடுங்கும் கை, பாதியில் நிற்கும் பேச்சு, தொழிலுக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகிய ஏதுக்களைக் கொண்டு அவர் துன்பத்தை அனுமானிக்கின்றார். வீட்டுக்காரருக்குக் காண்டலுமில்லை, கருதலுமில்லை. வந்து சேர்ந்த கடிதம் என்ற உரை மட்டுமே உண்டு. ஆகவே துன்பம் ஒன்று மூன்று அளவைகளைக் கடந்து ஒரு தாளில் வந்து சேர்கின்றது. இடையிலுள்ள கருதல் என்ற கண்ணி அறுந்தால், தாளுக்கும் துன்பத்துக்கும் தொடர்பேது?

உரை எப்போது அளவையாகும் என்ற வினாவுக்கு நியாய நூலார் தெளிவான விடை தந்துள்ளனர். ஆப்தனுடைய உரையே அளவையாம். ஆப்தன் எனப்படுபவன் பொருளை உள்ளவாறு அறிந்தவன்; அறிந்தவாறே உரைக்கும் விருப்பமும் உடையவன். இவ்விரண்டுள் ஒன்று குறையினும் அவன் ஆப்தனல்லன். இவ்வரைவிலக்கணத்தை மேற்கூறிய கடிதத்தோடு பொருத்தினால், முதற்பார்வையில் வியப்புத் தரும் முடிவொன்று கிடைக்கின்றது. இணையத்திற் கட்டணஞ் செலுத்திய பெண்ணொருவர் உண்மையாகவே கடும் உளச்சோர்வால் வருந்துபவர் எனக் கொள்வோம். சட்டம் கூறும் இயலாமை அவருக்கு உண்டு. பூனை அருகிலிருந்தாலன்றி இரவு கழிவதில்லை. ஐந்து நிமிட வினாக்கொத்தைக் கூடப் படியாமல் வல்லுநர் ஒருவர் கையொப்பமிட்ட கடிதத்தை அவர் பெறுகின்றார். அக்கடிதத்தில் அவரைப் பற்றிக் கூறப்பட்ட ஒவ்வொரு செய்தியும் உண்மையே. ஆயினும் கடிதம் பொய். ஏனெனில், இவருக்கு இயலாமை உண்டு என்பது மட்டும் அக்கடிதத்தின் பொருளன்று. ஆராய்ந்து அறிந்தேன் என்பதும் அதன் பொருள். கையொப்பம் உறுதிகூறுவது இரண்டாவதையே. குருட்டு அம்பு குறியில் தைத்தமையால் எய்தவன் வில்லாளியாகான்.

இக்கருத்து மிகைக் கண்டிப்பானது எனத் தோன்றலாம். பெண்ணுக்குப் பூனை கிடைத்தது, வீட்டுக்காரர் ஏமாற்றப்படவில்லை, எவருக்கு என்ன நட்டம்? நட்டம் அப்பெண்ணுக்கே என்பதுதான் விடை. முறையான மதிப்பீட்டை நாடியிருந்தால் அவர் பெற்றிருக்கக்கூடியது ஒரு தாள் மட்டுமன்று. அவருடைய உளச்சோர்வு எத்தகையது, எப்போது தொடங்கியது, தற்கொலை எண்ணம் உண்டா, மருந்து வேண்டுமா என்பனவற்றை ஒருவர் உட்கார்ந்து கேட்டிருப்பார். கேட்கப்படுதல் என்ற அவ்வொரு செயலையே கடை வெட்டியெறிந்துவிட்டு, அதன் முடிவில் வரவேண்டிய கையொப்பத்தை மட்டும் விற்றுவிட்டது.

முறையான மதிப்பீடு என்பது யாது? இதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும். வல்லுநர் அவ்விண்ணப்பகாரர் வாழும் மாநிலத்திலே தொழில்புரிய உரிமம் பெற்றவராயிருத்தல் வேண்டும். அவர் விண்ணப்பகாரரின் வரலாற்றைக் கேட்கின்றார். அறிகுறிகளின் கால அளவையும் கடுமையையும் ஆராய்கின்றார். அவை உறக்கம், கல்வி, தொழில், பிறரோடு பழகுதல் ஆகியவற்றை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் கணிக்கின்றார். தேவையாயின் முன்னைய மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கின்றார். மினசோட்டா ஆளுமை வினாநிரல் போன்ற சோதனைகளில், விடையளிப்பவர் தம் துன்பத்தை மிகைப்படுத்துகின்றாரா எனக் காட்டும் அளவுகோல்களும் உண்டு. இவை யாவும் பழகிய பணிகளே. கடினமானது இதற்கு அடுத்த படி: விலங்குக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை நிறுவுதல். நாய் உடனிருக்கும்போது மகிழ்ச்சியாயிருக்கின்றது என்பது போதாது. நாயை விரும்பும் எவருக்கும் அது மகிழ்ச்சி தரும். குறித்த நோயின் குறித்த அறிகுறியொன்றைக் குறித்த விலங்கின் உடனிருப்புத் தணிக்கின்றதா என்பதே வினா. படுக்கையை விட்டு எழ மனமில்லாதவரை, வெளியே போகவேண்டிய நாய் ஒவ்வொரு காலையும் எழுப்பி நடக்கவைக்கின்றதெனின், தொடர்பு கண்முன் நிற்கின்றது.

எதிர்மாறான நிலையும் உண்டு. வெளியே செல்ல அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் அஞ்சும் சூழ்நிலைகளைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவதே அவருக்குரிய சிகிச்சைகளுள் முதன்மையானது. அச்சத்தை உண்மையில் எதிர்கொள்ளாமல் அதனின்றும் தப்புவதற்கு நோயாளி பற்றிக்கொள்ளும் பொருள்களும் பழக்கங்களும் அச்சிகிச்சையைக் கெடுக்கலாம் என்பதை உளவியலாளர் அறிவர். நாய் இருந்தாற் போதும், மனிதர் வேண்டாம் என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டால், நாய் ஊன்றுகோலாயிராது விலங்காகிவிடும் (தமிழில் அச்சொல்லுக்குள்ள இரு பொருளும் இங்கு பொருந்துவது தற்செயலே). இவர் துன்பமும் மெய். நாய் தரும் ஆறுதலும் மெய். எனினும் வைத்தியர் கடிதத்தை மறுக்கவேண்டி நேரலாம். துன்பத்தை நம்பாமையும் கடிதத்தை மறுத்தலும் ஒன்றல்ல என்பதை இந்நிலை நன்கு காட்டுகின்றது.

மறுக்கக்கூடிய மதிப்பீடே மதிப்பீடு எனப்படும். வினவுமுன்னரே விடை தீர்மானிக்கப்பட்டிருப்பின் அது சடங்கு. ஆனால் சிகிச்சையளிக்கும் வைத்தியர் உண்மையில் மறுக்கக்கூடிய நிலையில் இருக்கின்றாரா? இவ்விடத்திலேதான் அமெரிக்க உளவியலாளரிடையே கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. சிகிச்சையாளராயிருத்தலும் சட்டத்துக்குச் சான்று கூறும் மதிப்பீட்டாளராயிருத்தலும் ஒருவரிடத்தே பொருந்தா என்று கிறீன்பேர்க், ஷூமன் என்போர் 1997 இல் எழுதினர். சிகிச்சையாளர் நோயாளியின் பக்கம் நிற்பவர். அவர் கூறுவதை ஐயுறாது கேட்பதே அவர் தொழிலின் தொடக்கம். மதிப்பீட்டாளரோ ஐயத்திலே தொடங்குபவர். ஜெப்ரி யங்கிரென் என்பாரும் அவருடன் சேர்ந்தோரும் 2016 இல் இதனை உளத்துணை விலங்குக் கடிதத்துக்குப் பொருத்தி வாதிட்டனர். சிகிச்சையாளர் கடிதம் எழுதுதல் பங்கு முரணாகும். விலங்கின் பயன்பற்றிய ஆய்வுச் சான்றுகளும் போதியனவல்ல. ஆகையால் அப்பணியை வேறொருவரிடம் விடுதல் நன்று என்பது அவர் நிலை.

இவ்வாதத்தின் வன்மையை மறுத்தல் அரிது. மறுத்தால் நோயாளி தம்மை விட்டகல்வார், பல மாதம் பாடுபட்டு வளர்த்த நம்பிக்கை குலையும் என அஞ்சும் ஒருவரின் கை, உண்மைக்காக மட்டும் எழுதுகின்றது என எங்ஙனம் கூறலாம்? அவர் பொய்யரல்லர், அன்பே அவரை வளைக்கின்றது. ஆயினும் ஆப்தனின் இலக்கணத்தை மீண்டும் நோக்குமிடத்து, அவ்வாதம் பாதி உண்மையையே கொண்டுள்ளது எனல் வேண்டும். உள்ளவாறு உரைக்கும் விருப்பம் அயலாரிடம் மிகுதியாக இருக்கலாம். உள்ளவாறு அறிதலோ அவரிடம் குறைவு. ஓராண்டு உடனிருந்து கேட்ட சிகிச்சையாளர் அறிந்ததை இரண்டு மணி நேரத்தில் அயலார் அறிவது எவ்வாறு? மேலும், அயல் மதிப்பீட்டாளருக்குத் தனிக் கட்டணம் வேண்டும். கடையிற் கடிதம் மலிவு, உண்மைக் கடிதம் விலையுயர்வு என்ற நிலை, வாய்மையைச் செல்வரின் உடைமையாக்கிவிடும். ஆகவே சிகிச்சையாளர் எழுதலாம். ஆனால் தாம் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதுதல் கூடாது. இவர் இத்தனை மாதமாக என் சிகிச்சையில் உள்ளார், சட்டம் கூறும் இயலாமை இவருக்கு உண்டு, விலங்கு உடனிருந்த காலத்தில் இன்ன மாற்றத்தை நான் கண்டேன் என்ற அளவில் அவர் நிற்கலாம். நோயின் பெயரை வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதுமில்லை. கண்டது ஒன்றுமில்லையெனின் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை.

கலிபோர்ணியா மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இவ்வழியிலேயே சென்றுள்ளது. உளத்துணை நாய்க்கெனக் கடிதம் கொடுக்குமுன் வல்லுநருக்கும் விண்ணப்பகாரருக்கும் இடையே குறைந்தது 30 நாள் தொழில்முறைத் தொடர்பு இருத்தல் வேண்டும். முறையான மருத்துவ மதிப்பீடும் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. முப்பது நாளில் உண்மை பிறந்துவிடும் என்பதற்கில்லை. இருபத்தொன்பதாம் நாள் பொய்யராயிருந்தவர் மறுநாள் மெய்யராவாரா? ஆனால் காலம் என்பது கடையால் விற்க இயலாத பொருள். அதனை நிபந்தனையாக்கியமை கூரிய சிந்தனையே. இடர் என்னவெனில், அடுத்த வாரமே வீட்டை விட்டு வெளியேறும்படி அறிவிக்கப்பட்ட உண்மை நோயாளிக்கு அம்முப்பது நாள் மிக நீண்டது. பொய்யரைத் தடுக்கக் கட்டும் வேலியில் எப்போதும் மெய்யரின் உடையே முதலிற் கிழிகின்றது.

இனி, கருணையின் பெயரால் எழும் வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்தை வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே வைத்துள்ளார். தனிமையில் வாடும் முதியவர் ஒருவர், நோய் எனச் சொல்லத்தக்கது எதுவுமில்லாதவர், தம் பழைய நாயைப் பிரிய மனமின்றி வைத்தியரிடம் இரந்து நிற்கின்றார். இரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன? கான்ற் 1785 இல் வெளியிட்ட தமது ஒழுக்கவியல் நூலில் இதற்கு இடங்கொடார்: காப்பாற்றும் எண்ணமின்றி வாக்குறுதி கொடுத்தல் எல்லார்க்கும் விதியாயின் வாக்குறுதி என்பதே உலகில் இல்லாதொழியும் என்பது அவர் வாதம். வள்ளுவரைப் பின்பற்றுவோர் கான்றிடம் செல்லவேண்டியதில்லை. நன்மைக்கு அவர் இட்ட நிபந்தனையே போதும்: குற்றமற்றதாயிருத்தல். முதியவருக்குக் கிடைத்த நன்மை குற்றமற்றதா? அதே மாடிக்கட்டடத்தில் நாயின் மயிரால் மூச்சிரைப்பு வரும் குழந்தை இருக்கலாம். பயிற்சியற்ற நாய்களை எதிர்கொண்டு தம் வழிகாட்டி நாய் கலங்குவதைக் கண்டு தவிக்கும் கண்பார்வையற்றவர் இருக்கலாம். எல்லாக் கடிதங்களையும் ஐயுறும் வீட்டுக்காரரிடம் நாளை செல்லவேண்டிய உண்மை நோயாளி நிச்சயமாக இருக்கின்றார். முதியவரையும் மறத்தலாகாது: அவருடைய தனிமையை நோய் என எழுதியவர், அவர் கேளாத பட்டமொன்றை அவர் மருத்துவக் குறிப்பில் நிலையாகப் பதித்துவிட்டார். தனிமை நோயன்று. அதனை நோயென எழுதினாற்றான் இரக்கம் பெறும் என்றால், குறை தனிமையிடம் இல்லை.

இப்பொய்யின் வேர் வைத்தியரின் அறையில் மட்டும் இல்லை என்பது இவ்விடத்திற் புலப்படும். வீட்டுக்காரரின் தடைவிதி இல்லையேல் கடிதமும் இல்லை. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டாக வாழும் நாயைத் தன் வீட்டில் வைத்திருக்க ஒருவர் தம்மை இயலாதவரென அறிவிக்கவேண்டிய ஏற்பாடு விந்தையானதே. செல்லப்பிராணிக்கென அறவிடும் மேலதிகப் பணம் உளத்துணை விலங்குக்கு அறவிடப்படுவதில்லை என்ற நீண்டகால விளக்கமும், பணமில்லாதவரைக் கடிதத்தை நோக்கித் தள்ளியிருத்தல் கூடும். தடைவிதி அநீதியானதெனின் அதனை அநீதியென வெளிப்படையாக எதிர்த்தல் வேண்டும். நோயாளிக்கெனத் திறந்த சிறு வாயிலால் நலமுடையோர் நுழைவதால் தடைவிதி தளராது, வாயிலே மூடப்படும். விமான நிலையத்தில் நிகழ்ந்தது அதுவே.

விலங்கின் பக்கமும் ஒரு சொல். நோயாளரைப் பேணுமிடத்தில் விலங்குகளுக்கு இடங்கொடுத்தமை புதுமையன்று. இங்கிலாந்தின் யோர்க் நகரில் 1796 இல் திறக்கப்பட்ட உளநோயாளர் இல்லத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் விடப்பட்டிருந்தன. நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளரின் ஜிங்கிள்ஸ் என்ற நாய், குறித்த நேரத்துக்கு முன்னரே வந்துவிட்ட ஒதுங்கிய சிறுவன் ஒருவனிடம் தானாகவே ஓடிச்சென்றது. சிறுவன் முதலில் நாயோடும், சில சந்திப்புகளின் பின்னரே அவரோடும் பழகினான். 1962 இல் அதுபற்றி லெவின்சன் எழுதியபோது நாயை இணைச் சிகிச்சையாளராகவே குறித்தார். அங்கு நாயை அவர் கண்டார், சிறுவனைக் கண்டார், இருவருக்குமிடையே நிகழ்ந்ததையும் கண்டார். இன்றைய கடிதங்கள் பல, எழுதியவர் ஒருபோதும் பார்த்திராத விலங்கைப் பற்றியவை. யங்கிரெனும் அவர் கூட்டாளரும் 2020 இல் முன்வைத்த மதிப்பீட்டு முறை, சட்டத்தை அறிதலையும் மனிதரை ஆராய்தலையும் கூறியதோடு நில்லாது, விலங்கையும் விலங்கு மனிதரோடு பழகுமாற்றையும் ஆராய்தல் வேண்டும் என்கின்றது. கடிக்கும் நாயா, அஞ்சி ஒடுங்கும் நாயா, சிறு அறையில் நாள் முழுதும் அடைபட்டுக் கிடக்க அதனால் இயலுமா என்பன நோயாளியின் நலத்துக்காக மட்டும் கேட்கப்படும் வினாக்களல்ல. படுக்கையை விட்டு எழாத ஒருவரிடம் விடப்பட்ட நாய் தண்ணீருக்கும் அவரையே நம்பியிருக்கின்றது. அதனைப் பற்றி எவரும் அதனிடம் கேட்டதில்லை.

கடிதத்தை மறுத்த வைத்தியரின் கடமை மறுப்போடு முடிவதில்லை. ஏன் மறுத்தார் என்பதை அவர் விண்ணப்பகாரருக்கு நேரிற் கூறுதல் வேண்டும். தாளில் ஒரு வரியாக அனுப்புதல் தகாது. நாய் உதவியிருக்கக்கூடும் என எண்ணிய அறிகுறி எதுவோ, அதற்கு வேறு சிகிச்சை உண்டா என நோக்குதல் வேண்டும். வீட்டுக்காரரோடு பேசி விலங்குக்கெனத் தனி ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழியையும், பிறிதொரு வல்லுநரிடம் மறுமதிப்பீடு பெறும் உரிமையையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். ஏமாற்றத்தோடு எழுந்து செல்பவர் கதவருகிற் சென்றதும், அடுத்த வாரத்துச் சந்திப்பு எந்நாள் எனக் கேட்பதும் வைத்தியரின் பொறுப்பே.